வேகத்தை ஆள்வது யார்?



கேமரன் மலைக்கு ரிங்லெட் வழியாக ஏறுகிறவர்கள் சாலையோரத்தில் ஒரு பெரிய நீர்த்தேக்கத்தைக் காண்பார்கள். அதைத் தேக்கி நிற்பது சுல்தான் அபு பக்கார் அணை. 1963-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மின்திட்டத்தின் ஒரு பகுதி அது. தெலோம் ஆற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து, ஹாபுவில் ஒரு சிறு மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, இந்தத் தேக்கத்தில் சேர்கிறது. பிறகு இன்னொரு சுரங்கம் வழியே பேராக் மாநிலப் பக்கம் இறங்கி, பூமிக்கடியில் அமைந்துள்ள சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் நான்கு சுழலிகளைச் சுற்றுகிறது. அவற்றின் மொத்தத் திறன் 100 மெகாவாட்.

இந்தச் சுழலிகளைப் பற்றி ஒரு கேள்வி. மாலை ஏழு மணிக்கு நாடெங்கும் வீடுகளில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது, தொலைக்காட்சி ஓடுகிறது. அத்தனை பேரும் மின்சாரத்தை இழுக்க இழுக்கச் சுழலிக்குப் பளு கூடுகிறது. மூட்டை கூடினால் வண்டிமாடு தளர்கிறது. அதுபோல் சுழலியும் தளர வேண்டும் அல்லவா? ஆனால் தளர்வதில்லை. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 துடிப்பு என்ற கணக்கிலேயே ஓடுகிறது. அந்தக் கணக்கைக் காப்பதற்குச் சுழலியோடு ஒரு கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். வேகம் இம்மியளவு குறைந்தால் அது நீர்வாயிலைச் சற்றுத் திறக்கும். கூடினால் சற்று மூடும். அதன் பெயர் ‘கவர்னர்’.

கவர்னர் என்றதும் பினாங்கு, மலாக்கா மாநிலங்களின் ஆளுநர்கள் நினைவுக்கு வரக்கூடும். பெயர்ப் பொருத்தம் சரியானதே. ஆளுவது இரண்டுக்கும் பொதுத் தொழில். நேயர்களே, நம் பிள்ளைகள் கையிலுள்ள கைப்பேசிக்குள்ளும், பள்ளிக்கூடத்துக் கணினிக்குள்ளும் இதே பெயரில் ஒருவர் இருக்கிறார். அவர் எப்படி அங்கே வந்தார், என்ன செய்கிறார், அவர் சொல்லும் கணக்கை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் இரும்புக் கவர்னரின் கதையைப் பார்ப்போம். ஜேம்ஸ் வாட் 1788-இல் தம் நீராவி இயந்திரத்துக்கு இதைப் பொருத்தினார். காற்றாலைகளில் மாவரைப்பவர்கள் முன்பே கையாண்டுவந்த உத்தி அது. சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். வேகம் கூடினால், குடை இராட்டினத்தில் உட்கார்ந்தவர்கள் வெளியே வீசப்படுவதுபோல், குண்டுகள் விரிந்து உயரும். உயரும்போது நீராவி வரும் வழியைச் சுருக்கும். வேகம் தணிந்ததும் குண்டுகள் தாழும். வழி மீண்டும் திறக்கும். 1868-இல் மாக்ஸ்வெல் என்ற அறிஞர் இக்கருவிகளின் கணிதத்தையே ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத செய்தியன்று. 1929-இல் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். அது முதல் இங்கே தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்து வருகிறார்கள். உருட்டும் இயந்திரத்தின் வேகமும் அழுத்தமும் அளவு மீறினால் கொழுந்து சூடேறிவிடும். சூடேறினால் பதம் கெடும், வாசம் போகும். வேகத்தைக் கூட்டினால் சூடும் கூடவே வரும் என்பது தொழிற்சாலையில் நின்று வேலை செய்தவர்கள் அனுபவத்தில் அறிந்த பாடம். கணினி உலகம் அதே பாடத்தைப் படித்துக்கொள்ள ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

கணினிக்கு வேகம் என்றால் என்ன? தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்கு ஏற்பக் காவடி ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். ஓர் அடிக்கு ஓர் எட்டு. மேளம் விரைந்தால் எட்டும் விரையும். கணினியின் மூளையாகிய சில்லுக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. ஒரு சிறு படிகம் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பை ஒட்டியே சில்லு ஒவ்வொரு வேலையாகச் செய்யும். வினாடிக்குப் பத்து இலட்சம் துடிப்பு என்றால் ஒரு மெகா ஹெர்ட்ஸ். நூறு கோடித் துடிப்பு என்றால் ஒரு கீகா ஹெர்ட்ஸ். கடையில் கணினி வாங்கும்போது விற்பவர் சொல்லும் எண் இதுதான்.

இன்டெல் நிறுவனம் 1971-இல் வெளியிட்ட 4004 என்ற முதல் சில்லு வினாடிக்கு அதிக அளவாக 7 இலட்சத்து 40 ஆயிரம் துடிப்பு ஓடக்கூடியது. அடுத்த ஆண்டே, 1972-இல், அந்நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கு பாயான் லெப்பாஸில் திறந்தது. ஆகவே இந்தக் கதை நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணினியைக் கொண்டுவந்தபோது அதன் வேகம் 4.77 மெகா ஹெர்ட்ஸ். ஐந்து என்று முழுமையாக இல்லாமல் ஏன் இப்படி ஓர் எண்? அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு ஏற்ற 14.318 மெகா ஹெர்ட்ஸ் படிகம் மலிவாகக் கிடைத்தது. அதையே எடுத்து மூன்றால் வகுத்துக்கொண்டார்கள். சிக்கனம் எங்கும் ஒன்றுதான்!

அந்நாளில் கணினிக்கு ஒரே ஒரு வேகம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே தாளம். சில விளையாட்டு நிரல்களை எழுதியவர்கள், சில்லின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிவிட்டார்கள். பிறகு வேகமான கணினிகள் வந்ததும் அந்த விளையாட்டுகளில் பொம்மைகள் பேய் பிடித்ததுபோல் ஓடின. அதற்காகவே கணினிப் பெட்டியின் முகப்பில் ‘டர்போ’ என்ற பொத்தானை வைத்தார்கள். அதைத் தட்டினால் கணினி பழைய வேகத்துக்கு இறங்கும். வேகத்தை ஆளும் அதிகாரம் அப்போது மனித விரலிடம் இருந்தது.

அடுத்து, எண்ணே விலையாயிற்று. தேயிலையைச் சலித்துத் தரம் பிரிப்பதை நாம் அறிவோம். ஒரே மலை, ஒரே கொழுந்து, ஒரே நாள் வேலை. ஆனால் சல்லடையிலிருந்து இறங்கும்போது இது பி.ஓ.பி., இது டஸ்ட் என்று பெயரும் விலையும் மாறும். சில்லுகளும் அப்படியே. ஒரே தகட்டில் பிறந்த சில்லுகளைச் சோதிப்பார்கள். விரைவான தாளத்திலும் தடுமாறாதவற்றுக்குப் பெரிய எண். தடுமாறுபவற்றுக்குச் சிறிய எண். பெரிய எண்ணுக்குப் பெரிய விலை.

விலை எங்கே உண்டோ அங்கே களவும் உண்டு. 1990-களில் சிலர் குறைந்த எண்ணுள்ள சில்லுகளின் மேலுள்ள எழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடுதல் எண்ணைப் பொறித்து விற்றார்கள். வாங்கியவர் கண்ணுக்கு எழுத்துத்தான் தெரியும். உள்ளே ஓடும் துடிப்பை யார் எண்ணிப் பார்ப்பது?

எண்ணிப் பார்க்க ஒருவர் இருந்தார். அவர்தான் இயங்குதளம். கணினியைத் திறந்ததும் முதலில் எழுந்து, மற்ற நிரல்களுக்கெல்லாம் வேலை பங்கிட்டுக் கொடுக்கும் தலைமை நிரலைத்தான் இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்பவை அதன் வகைகள். தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணி, யார் எந்த மலைக்கு என்று அனுப்பி, செக்ரோலில் பதிபவர்களின் வேலையை அது செய்கிறது. 1993-இல் வந்த பென்டியம் சில்லுக்குள் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணும் கணக்கேடு ஒன்று இருந்தது. வேகம் மாறாத வேறொரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் அந்தக் கணக்கேட்டில் எத்தனை ஏறுகிறது என்று இயங்குதளம் பார்க்கும். நாடித்துடிப்பைக் கைக்கடிகாரம் பார்த்து எண்ணும் மருத்துவரைப் போல! லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் உருவாக்கிய லினக்ஸ் தளமும் தொடக்க நாள்களிலிருந்தே இதுபோன்ற ஓர் அளவை எடுத்துவந்தது. அது பொறுப்பான அளவன்று என்பதை உணர்த்த ‘போலி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து அதற்குப் ‘போகோமிப்ஸ்’ என்று பெயரிட்டார். தம் அளவுகோலின் குறையைப் பெயரிலேயே அறிவித்த நேர்மை அது.

இனி, சூட்டின் கதை. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய இரு நிறுவனங்களும் இரண்டு நாள் இடைவெளியில் ஒரு கீகா ஹெர்ட்ஸ் சில்லுகளை வெளியிட்டன. 2004 நவம்பரில் இன்டெல்லின் பென்டியம் 4 சில்லு 3.8 கீகா ஹெர்ட்ஸை எட்டியது. ஆனால் அந்தச் சில்லுக்கென்று குறித்த வெப்ப அளவு 115 வாட்! உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லு, பழைய நூறு வாட் குண்டு விளக்கைவிட அதிகமாகக் கொதித்தது. நான்கு கீகா ஹெர்ட்ஸ் சில்லு வரும் என்று சொல்லியிருந்த நிறுவனம் 2004 அக்டோபரில் அத்திட்டத்தையே கைவிட்டது. உருட்டும் இயந்திரத்தில் கொழுந்து கருகிய கதைதான் இங்கும் நடந்தது.

அதற்குள் மடிக்கணினிகள் வந்துவிட்டன. அவற்றுக்குப் பேட்டரியே உயிர். இங்கே ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வோம். சில்லு தின்னும் மின்சாரம் வேகத்தைப் பொறுத்தது. அதற்கும் மேலாக, அதற்குக் கொடுக்கும் மின்அழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகத்தைக் குறைத்தால் அழுத்தத்தையும் குறைக்கலாம். இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், இந்தக் கணக்குப்படி, மின்செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். சற்றே நிதானித்தால் இவ்வளவு மிச்சம்! 2000-ஆம் ஆண்டு சனவரியில் இன்டெல் தன் மடிக்கணினிச் சில்லுகளில் ‘ஸ்பீட்ஸ்டெப்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. மின்கம்பியில் இணைத்திருந்தால் ஒரு வேகம். பேட்டரியில் ஓடினால் வேறொரு வேகம்.

வேகம் மாறலாம் என்றாகிவிட்டது. எப்போது மாற்றுவது, யார் மாற்றுவது? எந்த வேலை எவ்வளவு இருக்கிறது என்று அறிந்தது இயங்குதளமே. ஆகவே பொறுப்பு அதனிடம் சென்றது. 1996 டிசம்பரிலேயே இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் கூடி, மின்சிக்கனத்தை இயங்குதளமே ஆள்வதற்கான பொதுவிதிகளை வகுத்திருந்தன. லினக்ஸ் தளத்தில் இந்த வேலையைச் செய்யும் நிரல்பகுதிக்குப் பழைய இரும்புக் கருவியின் பெயரையே வைத்தார்கள்: கவர்னர்.

அந்தக் கவர்னர்களுள் புகழ்பெற்றது 2004-இல் லினக்ஸில் சேர்ந்த ‘ஆன்டிமாண்ட்’. தேவைக்கேற்ப என்பது அதன் பொருள். இன்டெல்லில் பணியாற்றிய வெங்கடேஷ் பல்லிபாடி, அலெக்ஸி ஸ்டாரிகோவ்ஸ்கி ஆகிய பொறியாளர்கள் 2006-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் அதை விளக்கினார்கள். நம் வீட்டு அடுப்படியில் நடப்பதே அதன் விதி. உலை வைத்ததும் அடுப்பை முழுவதும் எரியவிடுகிறோம். கொதி வந்ததும் தணிக்கிறோம். இந்தக் கவர்னரும் சில்லுக்கு எவ்வளவு வேலை என்று கணத்துக்குக் கணம் பார்க்கும். வேலை மிகுந்தால் உடனே உச்ச வேகத்துக்கு ஏற்றும். குறைந்தால், இருக்கும் வேலைக்குப் போதுமான அளவுக்கு இறக்கும்.

மின்நிலையத்துக் கவர்னருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அது பளு மாறினாலும் வேகம் மாறாமல் காக்கிறது. இது பளுவுக்குத் தக்கபடி வேகத்தை மாற்றுகிறது. பெயர் ஒன்று, கடமை வேறு.

ஆண்டுகள் செல்லச் செல்ல முறைகள் நுட்பமாயின. 2008-இல் இன்டெல் சில்லுகளில் வந்த ‘டர்போ பூஸ்ட்’, சூடும் மின்சாரமும் இடம்கொடுக்கும்வரை பெட்டியில் எழுதிய எண்ணையும் தாண்டி ஓடவிட்டது. 2015 முதல் சில சில்லுகள், இயங்குதளம் சொல்லும் எல்லைக்குள் தாமே வேகத்தைத் தேர்ந்துகொள்கின்றன. கைப்பேசிகளுக்கென 2011-இல் ஏ.ஆர்.எம். நிறுவனம் பெரிய மூளை, சிறிய மூளை என இரண்டையும் ஒரே சில்லில் வைக்கும் முறையை அறிவித்தது. சிறு வேலைக்குச் சிறியது. பெரு வேலைக்குப் பெரியது.

இப்போது ஒரு சிக்கல் எழுகிறது. வேகம் கணத்துக்குக் கணம் மாறுகிறது என்றால், இயங்குதளம் நமக்குக் காட்டும் எண் எது? பெட்டியில் எழுதியதா, இந்த நொடியில் ஓடுவதா? பழைய துடிப்புக் கணக்கேடு இதில் தடுமாறியது. வேகம் மாறியபோது அதுவும் மாறியதால் கணினியின் நேரக்கணக்கே பிசகியது. எனவே பிற்காலச் சில்லுகளில் அதை மாறாத வேகத்தில் ஓடும்படி செய்தார்கள். நேரம் சரியாயிற்று, ஆனால் அதைப் பார்த்தால் உண்மையான ஓட்டம் தெரியாது. அதற்காக வேறு இரண்டு கணக்கேடுகளைச் சேர்த்தார்கள். ஒன்று மாறாத வேகத்தில் எண்ணும். மற்றொன்று உண்மையாக ஓடிய துடிப்பை எண்ணும். இரண்டையும் ஒப்பிட்டால் சராசரி வேகம் கிடைக்கும்.

தராசு காட்டும் எடை ஒன்று, ஏட்டில் ஏறும் எடை ஒன்று என்றால் என்ன நேரும் என்பதைக் கொழுந்து பறித்த கைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழிப்பது நியாயமாகவும் இருக்கலாம். கழிக்கிறோம் என்று சொல்லிக் கழிக்க வேண்டும். கணினி உலகிலும் இந்த வழக்கு எழுந்தது. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை இயங்குதளமே குறைத்துவருகிறது என்பதை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தேய்ந்த பேட்டரியால் கைப்பேசி திடீரென அணைந்துவிடாமல் காக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் தந்தது. காரணம் பொருத்தமானதே. ஆனால் பேட்டரியை மாற்றினாலே போதும் என்று தெரியாமல் புதுக் கைப்பேசி வாங்கியவர்கள் சினந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது; அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது; பேட்டரியின் நிலையைப் பயனர் தாமே பார்க்கும் வசதியை 2018-இல் இயங்குதளத்தில் சேர்த்தது. ஆள்கிறவர் கணக்குக் காட்டவும் வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசியும் கணினியுமே பிள்ளைகளுக்கு வகுப்பறைகளாக மாறின. அந்நாள் முதல், புதிது வாங்க முடியாத குடும்பங்கள் பழைய கணினியைத் தேடி வாங்குவது வழக்கமாகிவிட்டது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் ஏமாற்றத்துக்குப் போகக் கூடாது. அதற்குச் சில குறிப்புகள்.

எண்ணை மட்டும் வைத்து மதிப்பிடாதீர்கள். 2004-இன் 3.8 கீகா ஹெர்ட்ஸ் சில்லைவிட இன்றைய 2 கீகா ஹெர்ட்ஸ் சில்லு ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை செய்யும். சில்லின் பெயரையும் அது வெளிவந்த ஆண்டையும் கேளுங்கள்.

விண்டோஸ் கணினியில் ‘டாஸ்க் மேனேஜர்’ என்ற பகுதியைத் திறந்தால் அடிப்படை வேகம், இப்போதைய வேகம் என்று இரண்டு எண்கள் தெரியும். கணினி சும்மா இருக்கும்போது இப்போதைய வேகம் குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். கவர்னர் ஓய்வு கொடுத்திருக்கிறார். ஒரு கனமான வேலையைக் கொடுத்துப் பாருங்கள். எண் ஏற வேண்டும். ஏறி நிற்கவும் வேண்டும். பத்து நிமிடம் பொறுத்து, அடிப்படை வேகத்துக்கும் வெகு கீழே சரிந்தால் ஏதோ தடை உண்டு. விசிறியில் தூசி அடைத்திருக்கலாம்; மின்னேற்றி பொருத்தமில்லாததாக இருக்கலாம்; சிக்கன முறையில் வைத்திருக்கலாம். இவை பெரும்பாலும் சிறு செலவில் தீர்பவை.

மெத்தைமேல் மடிக்கணினியை வைத்துக் காற்றுத் துளையை மூடாதீர்கள். கேமரன் மலையின் குளிர்காற்று இதில் நமக்குத் துணை. பகலிலும் 25 பாகைக்கு மேல் அரிதாகவே ஏறும் இடத்தில், சமவெளியைவிடச் சில்லு எளிதாகச் சூடு தணியும்.

கைப்பேசி தளர்ந்தால் உடனே புதிது தேடாமல், பேட்டரியின் நிலையை முதலில் பாருங்கள்.

வாட்டின் இரும்புக் குண்டுகள் முதல் பிள்ளையின் கைப்பேசி வரை, வேகத்தை ஆள ஒருவர் இருந்துகொண்டே இருக்கிறார். அவர் ஆளட்டும், அவர் காட்டும் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்களாக நாம் இருப்போம். கடையில் எண்ணைச் சொல்பவரிடம், இது எழுதிய எண்ணா, ஓடும் எண்ணா என்று நம் பிள்ளை கேட்குமானால், அந்தக் கேள்வியே அதன் படிப்புக்குச் சான்று.